திருப்பி அனுப்ப வேண்டிய மூன்று கடிதங்கள்

பீளமேடு,
கோவை - 4.
12.1.1997, ஞாயிறு.

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நீயும் மாப்பிள்ளை கிருபாசங்கரும் பேரன் மிதுனும் உன் அம்மாவும் டெட்ராய்ட் குளிரில் யாதொரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம். வழக்கமாக இதற்கு அடுத்த வரியில் என் நலத்தை ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுவேன். இம்முறை அப்படி முடிக்க இயலவில்லை, விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆகையால் இக்கடிதத்தை முதலில் நீ மட்டும் தனியாகப் படி. கண்ணாடி போட்டாலும் எழுத்து மங்குகிறது என்று என் கடிதங்களை அம்மா உன்னையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதாக எழுதியிருந்தாய். இதையும் படிக்கச் சொல்வாள். எதை எப்போது படித்துக் காட்டுவது என்பதை உன் முடிவுக்கு விடுகிறேன். பதற வேண்டாம், உயிருக்கு ஆபத்தான எதுவும் இல்லை, நடந்து ஆறு மாதமும் ஆகிவிட்டது. இங்கே நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நான் ஒரு வழக்குத் தொடுத்திருக்கிறேன். அது என் பக்கம் நிற்க வேண்டுமானால் உன் வசம் உள்ள சில காகிதங்கள் பிப்ரவரி பதினேழாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். அதைக் கேட்கவே எழுதுகிறேன். முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

சென்ற ஜூலை ஆறாம் தேதி, சனிக்கிழமை முற்பகலில், அவினாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. மிதுன் பிறந்து அன்றைக்கு எட்டாம் நாள். நான் ஏன் அந்தக் கடைக்குப் போனேன் என்று நீ கேட்பாய். நமக்கு எப்போதும் மளிகை பஷீர் பாய் கடையில்தான். உன் அம்மா விமானம் ஏறிய பிறகு நான் பையோடு போய் நின்றபோதெல்லாம் அவர் ஏனுங்க சார், அம்மிணி எப்ப வாராங்க, இன்னும் எத்தனை நாளைக்கு நீங்களே பையத் தூக்கிட்டு வாரது என்று அன்பாகத்தான் கேட்டார். முதல் இரண்டு முறை நவம்பர் மாதம் என்று பதில் சொன்னேன். மூன்றாவது முறை அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே தெருமுனையிலிருந்து திரும்பி வந்துவிட்டேன். புதிய கடையில் கூடையை நாமே எடுத்து, வேண்டியதை நாமே எடுத்துப் போட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. வாரம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தேன்.

அன்று ரவா இட்லிப் பொடி இரண்டு பாக்கெட்டும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சமையல் எண்ணெய் அடுக்கியிருந்த வரிசையில் ஒரு பாக்கெட் கிழிந்து தரையில் ஓடியிருக்கிறது. அதைத் துடைக்காமல் மேலே ஒரு சாக்கை விரித்திருந்தார்கள். நான் சாக்கைப் பார்க்காமல் இல்லை. விரித்திருப்பது கால் வைக்கத்தான் என்று எடுத்துக்கொண்டேன். காலை வைத்ததும் சாக்கு என்னையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு பஞ்சாலையின் பாதுகாப்பு அலுவலராக இருப்பவன், எண்ணெய் சிந்திய இடத்தில் சாக்குப் போட்டு மூடியதற்காக இதுவரை பதினோரு பேருக்கு மெமோ கொடுத்தவன், அந்தச் சாக்கின் மேலேயே கால் வைத்தேன் என்பதை வக்கீலிடம் சொல்வதைவிட உனக்கு எழுதுவது கூச்சமாக இருக்கிறது.

விழுந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்து நான் செய்ததுதான் வழக்கை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். மேலாளர் ரவிக்குமார் என்பவர், மரியாதை தெரிந்த மனிதர், ஏனுங்க சார், அடி கிடி பட்டுதுங்களா, கையக் காட்டுங்க என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நம் ஊர்க்காரர்கள் யாராயிருந்தாலும் என்ன சொல்வார்களோ அதையே நானும் சொன்னேன். ஒண்ணுமில்லீங்க, நீங்க சிரமப்படாதீங்க, எந் தப்புதானுங்க, பாக்காம கால வெச்சுப்போட்டேன் என்றேன். மில்லில் கையிலும் விரலிலும் கட்டோடு என் மேசை முன் வந்து நின்ற எத்தனையோ தொழிலாளர்கள் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு யாருடையது என்று முடிவு செய்வது என் வேலை, நடந்ததை மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்று அவர்களைக் கடிந்துகொண்டவன் நான். அத்தோடு விட்டேனா, ஊறுகாய் பாட்டில் உடைந்து கிடந்தது. பில் போடும் பெண் அது வேண்டாங்க சார், நாங்க பாத்துக்கறோம் என்று தயங்கினாள். இல்லீங்க அம்மணி, உடைஞ்சதுக்கும் சேத்துப் போடுங்க என்று வற்புறுத்தி, வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் நேரம் 11.42 என்று இருக்கிறது. கூட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வர வேண்டாங்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு உடன் வந்தவர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். கூட யாருங்க வந்திருக்கறது என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டார். சோமனூரில் உன் சித்தப்பாவுக்கு போன் செய்திருந்தால் தறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்திருப்பார். ஆனால் அவருக்குத் தெரிந்தால் அன்று மாலைக்குள் உன் அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தால் அவள் அடுத்த விமானத்தில் ஏறுவாள், எட்டு நாள் குழந்தையோடு நீ தனியாக நிற்பாய். ஆகவே யாரும் இல்லை என்று சொன்னேன். வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பழனியாத்தாள் என்ற அம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து, நான் வெக்கறேனுங்க, எங்க அண்ணன்னு எழுதிக்குங்க, பொறந்தவ இல்லாத ஊட்டுல பொறந்துட்டாராட்ட இருக்குது என்று சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாள். உறவு என்ற இடத்தில் தங்கை என்று நர்ஸ் எழுதிக்கொண்டார். உண்மைக்கு மாறான ஒரு பதிவை நான் அறிந்தே திருத்தாமல் விட்டது அதுவே முதல் முறை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பற்றி நீள எழுத எனக்கு விருப்பமில்லை, ஆயினும் பிறகு வருவது உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு கையால் குக்கர் மூடியைப் போட முடியாது. தீக்குச்சியைக் கிழிக்கலாம், ஆனால் பெட்டியைப் பிடிக்க முழங்கால்கள் வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட பதினைந்து நிமிடம் ஆனது, பிறகு பழகி ஏழு நிமிடம் ஆனது. வேட்டி கட்ட முடியாமல் மூட்டிய லுங்கியில் இருந்தேன். தயிர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். எட்டாம் நாள் வேலைக்குப் போனேன். டாக்டர் மூன்று வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார். விடுப்பும் கையிருப்பில் இருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் போனேன். மில்லில் கேட்டவர்களிடம் சின்ன அடி என்று சொன்னேன். மாதத்தில் முதல் ஞாயிறு நீ போன் செய்தபோது ரிசீவரை இடது கையில் பிடித்துக்கொண்டு மிதுன் அழுவதைக் கேட்டேன். போனில் கட்டு தெரியாது.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு முன்போல் திரும்பவில்லை. சாவியைத் திருகும்போது தோளும் சேர்ந்து திரும்ப வேண்டியிருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. செப்டம்பரில் ஒரு நாள், சாக்கு விரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், துடைத்துவிட்டு ஒரு பலகை வையுங்கள் என்று அறிவுறுத்தத்தான் அந்தக் கடைக்குப் போனேன். அதே வரிசையில், நான் விழுந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, வேறொரு சாக்கு விரித்துக் கிடந்தது. ரவிக்குமாரிடம் காட்டினேன். அவர் குரலை உயர்த்தாமல், சார், நீங்கதானுங்களே அன்னைக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க, ரிஜிஸ்டர்லயே எழுதி வெச்சிருக்குதுங்க என்றார். கொண்டுவந்து காட்டவும் செய்தார். வாடிக்கையாளர் தமது கவனக்குறைவை ஒப்புக்கொண்டு உடைந்த பொருளுக்கும் பணம் செலுத்தினார் என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் மரியாதைக்குச் சொன்ன சொல்லை வைத்து அந்தத் தரை குற்றமற்றதாகிவிட்டது. நாளைக்கு அந்தச் சாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் கால் வைத்தாலும் அவளும் இதையேதான் சொல்லுவாள். அன்று மாலை வக்கீல் கோவிந்தராஜுலுவைப் போய்ப் பார்த்தேன். அவர் பில்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது இல்லீன்னா நீங்க அந்தக் கடையில பொருள் வாங்குனவரே இல்லைன்னு தள்ளுபடி பண்ணிப்போடுவாங்க, இது இருக்கறதால தப்ப ஒத்துட்டு காசு கட்டுனவர்ன்னு சொல்லப் போறாங்க, என்னத்துக்குங்க அந்த ஊறுகாய்க்குக் காசு குடுத்தீங்க என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மனுவில் செலவு விவரம் எழுதும்போது எனக்கும் அவருக்கும் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. உதவியாளர் செலவு என்று ஒரு இனம் உண்டு. எல்லாரும் அதுக்கு ஒரு தொகை போடுவாங்க, ஆறு வாரத்துக்கு ஒரு ஆளு வெச்சதா எழுதிக்கலாங்க என்றார். ஆள் வைக்கவில்லை என்றேன். அப்ப சொந்தக்காரங்க யாராவது பாத்துக்கிட்டாங்கன்னு எழுதலாமுங்க என்றார். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த இனத்தில் இல்லை என்று எழுதச் சொல்லி அப்படியே தாக்கல் செய்தோம்.

வியாழக்கிழமை, ஒன்பதாம் தேதி, விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். இவர் சொல்லும் அளவுக்கு அடி பலமாக இருந்திருந்தால் ஐம்பது வயது மனிதர் ஆறு வாரம் ஒரு கையால் தாமே சமைத்து, தாமே துணி துவைத்து, எட்டாம் நாள் வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டார். யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று அந்த இல்லை என்ற சொல்லைச் சுட்டிக்காட்டினார். பிறகு ஆஸ்பத்திரித் தாளை எடுத்து, உடன் தங்கை இருந்திருக்கிறார், தனியாக இருந்தேன் என்பதும் பொய் என்றார். நான் எழுந்து அந்த அம்மாள் என் தங்கை இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. மன்றத்தில் சிலர் சிரித்தார்கள். மூன்று உறுப்பினர்களில் ஒருவர் பெண். அவர் சிரிக்கவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், மனைவி அவளுடைய பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டு, அந்த ஆறு வாரம் நீங்கள் இருந்த நிலையைக் காட்ட அப்போதே எழுதப்பட்ட ஏதாவது இருந்தால் அடுத்த தேதியில் தாக்கல் செய்யுங்கள் என்றார். அடுத்த தேதி பிப்ரவரி இருபது.

வெளியே வந்ததும் கோவிந்தராஜுலு மகளுக்குக் கடிதம் போடுவீங்கல்ல, அதுல கஷ்டத்தையெல்லாம் எழுதியிருப்பீங்க, அது போதுமுங்க என்றார். மூன்று கடிதம் எழுதினேன், மூன்றிலும் நலம் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். மனிதர் என் வலது மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு எந்தக் கையில எழுதுனீங்க என்று கேட்டார்.

இடது கையால் எழுதினேன், அம்மணி. ஜூலை பதினான்கு, ஜூலை இருபத்தெட்டு, ஆகஸ்ட் பதினொன்று ஆகிய தேதியிட்ட மூன்று கடிதங்களும் இடது கையால் எழுதியவை. பென்சிலால் கோடு கிழித்து, மாவுக்கட்டையே பாரமாகக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை, அதற்கு இரண்டு மாலைகள் ஆயின. எழுத்து வரிக்கு மேலும் கீழும் போயிற்று. பொள்ளாச்சிப் பேருந்தில் அமர்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். வேறு காரணம் கிடைக்காததால் மற்ற இரண்டிலும் அதையே எழுதினேன். பொள்ளாச்சியில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

இப்போது நான் மன்றத்தில் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அந்த ஆறு வாரம் நான் மிகவும் சிரமப்பட்டேன், எனக்கு உதவி தேவைப்பட்டது, உதவிக்கு ஒருவரும் இல்லை என்று அதில் இருக்கும். முன்பின் தெரியாத மூவரிடம் சத்தியம் செய்து சொல்லப்போவதை உன்னிடம் முதலில் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று மூன்று நாளாக யோசித்து இன்று உட்கார்ந்தேன். ஆகவே சொல்கிறேன். சிரமமாக இருந்தது. கையைவிட, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தட்டை மட்டும் கழுவி வைப்பது சிரமமாக இருந்தது. நவம்பரில் அம்மாவின் விசாவை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டலாமா என்று நீ கேட்டபோது தாராளமாக என்று சொன்னேன். கடையில் சொன்ன அதே பழக்கத்தில்தான் அதையும் சொன்னேன். இதற்காக அவளை உடனே அனுப்பிவிட வேண்டாம், மிதுனுக்கு அவள் தேவை. ஆனால் மே மாதம் மறுபடியும் நீட்டலாமா என்று நீ கேட்டால் இம்முறை வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். அதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

மற்றபடி நாளை மறுநாள் பொங்கல். சோமனூருக்கு வரச் சொல்லி உன் சித்தப்பா இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். புதிதாக நான்கு தறி போட்டிருக்கிறார், அதைப் பார்க்கவாவது போக வேண்டும். கையைக் கண்டால் கேட்பார், இனி மறைப்பதற்கில்லை, சொல்லிவிடுவேன். பனி உறைந்த படிகளில் அம்மாவைத் தனியாக இறங்க விடாதே. அவளுக்கு அங்கே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியாவது இருக்கட்டும். மிதுனுக்குத் தடுப்பு ஊசிகள் போடும் தேதிகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டு, நினைவை நம்பாதே. மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது பெல்ட் போட்டுக்கொள்கிறாரா என்று நான் கேட்டதாகச் சொல்.

நான் கேட்பது இதுதான். அந்த மூன்று கடிதங்களையும் மூலமாகவே பதிவுத் தபாலில் அனுப்பு, நகல் செல்லாது. உறைகளையும் சேர்த்து அனுப்பு, தபால் முத்திரையில் தேதி இருக்கிறது. இக்கடிதம் உனக்கு இம்மாத இறுதிக்குள் கிடைக்கும். கிடைத்த மறுநாளே நீ தபாலில் சேர்த்தால்தான் பதினேழாம் தேதிக்குள் எனக்கு வரும். கடிதங்களை நீ எறிந்துவிட்டிருந்தால் வருந்த வேண்டாம், இல்லை என்று ஒரு வரி எழுது, வேறு வழி பார்க்கிறேன். கடிதங்களோடு ஒரு தாளில் நீயும் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். இது மன்றத்துக்கு அல்ல, எனக்கு. நான் பேருந்தில் பேனாவைத் திறக்காதவன் என்பது உனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது நீ பழனி போகும் பேருந்தில் வீட்டுப் பாடம் எழுத முயன்றதற்கே நான் நோட்டை வாங்கி வைத்தேன். மூன்று கடிதமும் பேருந்தில் எழுதியவை என்று நீ நம்பினாயா? குழந்தை அழுதுகொண்டிருந்தது, பார்க்க நேரமில்லை என்றால் அதை எழுது. சந்தேகம் வந்தது, கேட்கத் தோன்றவில்லை என்றால் அதை எழுது. எதுவாயினும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் உன் பதில் வந்தபோது, உறையைப் பிரிக்குமுன், கேட்டிருப்பாயோ என்று நினைத்தேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மிதுனுக்கும் எல்லா நலமும் நீண்ட ஆயுளும் வாய்க்க மருதமலையானை வேண்டுகிறேன். பொங்கலன்று அங்கே பால் பொங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, இல்லாவிட்டால் புகையைக் கண்டால் ஒலிக்கும் மணி அடித்துவிடும் என்று நீயே எழுதியிருந்தாய். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

உன் அப்பா,
ப. குமாரசாமி.